ஐம்பதைத் தாண்டிய ஆட்டம் – விஜய் சிங் கதை

பண்ருட்டி என்றால் பலாப்பழம், முந்திரி. விளையாட்டு என்றால் கிரிக்கெட், கபடி, கொஞ்சம் வாலிபால். டிவியில் கோல்ஃப் வந்தால் அடுத்த நொடியே சேனல் மாறிவிடும். பச்சைப் புல்வெளி, வெள்ளைப் பந்து, மெதுவாக நடந்து போகும் பெரியவர்கள்... இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் வேறு எந்தப் பெரிய விளையாட்டிலும் இல்லாத ஒரு விஷயம் கோல்ஃபில் இருக்கிறது. கிரிக்கெட் வீரர் 38 வயதில் ஆடினாலே "இன்னும் ஓய்வு பெறவில்லையா?" என்று கேட்கிறார்கள். கால்பந்தில் 35 வயது என்றால் கிழவர். கோல்ஃபில் மட்டும் 50 வயதானவர்களுக்கென்றே தனியாக ஒரு தொழில்முறைப் போட்டித் தொடர் நடக்கிறது. கோடிக்கணக்கில் பரிசுப் பணமும் உண்டு.

அந்தத் தொடரிலும், அதற்கு முன்பு நாற்பதைத் தாண்டிய வயதிலும், பெரிய சாதனை செய்தவர் ஒரு இந்திய வம்சாவளிக்காரர். பிஜித் தீவில் பிறந்த விஜய் சிங். அவர் கதையில் வெற்றி நிறைய உண்டு, கூடவே 40 ஆண்டுகளாகத் தீராத ஒரு வழக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும்.

கரும்பு அழைத்துப் போன தீவு

பசிபிக் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருப்பது பிஜி. அங்கே இந்தியர்கள் எப்படிப் போனார்கள்?

எல்லாம் கரும்பினால் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும். 1879-ல் லியோனிடாஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போனது. 1916 வரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனார்கள். ஆங்கிலத்தில் ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு 'கிர்மிட்டியா' என்றே பெயர் வந்துவிட்டது.

1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. வட ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து தமிழர்கள், தெலுங்கர்கள், மலையாளிகள் எனச் சுமார் 15 ஆயிரம் பேர் போனார்கள். இன்றைக்கும் பிஜியின் நாடி நகரில், கடைத்தெரு முடியும் இடத்தில், கோபுரத்தோடு சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் நிற்கிறது. தென்னிந்தியர்களுக்காக 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய சன்மார்க்க ஐக்கிய சங்கமும் அந்த ஊரில் பிறந்ததுதான்.

விஜய் சிங் பிறந்தது 1963 பிப்ரவரி 22-ல், லவுட்டோகா என்ற ஊரில். நெல்லிக்குப்பத்தை எப்படிப் பாரி கம்பெனி சர்க்கரை ஆலை இல்லாமல் நினைக்க முடியாதோ, லவுட்டோகாவும் அப்படித்தான். அதுவும் சர்க்கரை ஆலை ஊர். வளர்ந்தது அந்த முருகன் கோயில் இருக்கும் நாடியில். அவர் தமிழர் இல்லை. பெயரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் தமிழர்களைப் பிஜிக்குக் கொண்டு போன அதே கரும்பும் அதே கப்பல் காலமும்தான் அவர் சமூகத்தையும் அங்கே உருவாக்கின.

அப்பா மோகன் சிங் விமானங்களைப் பழுது பார்க்கும் தொழில்நுட்பப் பணியாளர். கோல்ஃப் ஆடத் தெரிந்தவர், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தவர். நாடி விமான நிலையத்தை ஒட்டியே ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. மகன் அங்கேதான் மட்டை பிடித்தான். அமெரிக்க வீரர் டாம் வைஸ்காஃப் மட்டை வீசும் முறையைப் பார்த்துப் பார்த்துத் தன் வீச்சை அமைத்துக்கொண்டான். பெரிய பயிற்சியாளர் கிடையாது, அகாடமி கிடையாது. 1982-ல் 19 வயதில் தொழில்முறை வீரரானார். 1984-ல் மலேசியாவில் ஒரு பட்டம் வென்றார்.

ஜகார்த்தாவில் நடந்தது

இதைப் புரிந்துகொள்ள கோல்ஃபின் ஒரு விதி தெரிய வேண்டும்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை எத்தனை அடியில் போட்டோம் என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவர் ஜெயித்தவர். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் அம்பயர் நிற்பது போல இங்கே யாரும் நிற்பதில்லை. கூட ஆடுபவர் அட்டையில் எண்ணிக்கையைக் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது ஒரு குழியில் உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண்ணைக் காட்டும் அட்டையில் கையெழுத்துப் போட்டால் அந்தப் போட்டியிலிருந்து வெளியேற்றம். கவனக்குறைவால் நேர்ந்தாலும் அதே தண்டனைதான். இந்த விளையாட்டு முழுக்க நம்பிக்கையின் மேல் நடக்கிறது. அதனால் "அட்டையைத் திருத்தினார்" என்பதைவிடக் கேவலமான குற்றச்சாட்டு கோல்ஃபில் கிடையாது.

1985-ல் ஜகார்த்தாவில் இந்தோனேசிய ஓப்பன் போட்டி. முதல் இரண்டு நாள் ஆட்டத்துக்குப் பிறகு பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குக் 'கட்' என்று பெயர். அந்தக் கட்டைத் தாண்டுவதற்காக விஜய் சிங் தன் அட்டையில் ஒரு அடியைக் குறைத்துக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. ஆசியச் சுற்றிலிருந்து அவரைத் தடை செய்தார்கள்.

அவர் அன்றும் மறுத்தார், பிறகும் மறுத்தே வந்தார். நடந்தது ஒரு தவறான புரிதல், அட்டையில் எண்ணிக்கை குறித்தவர் செல்வாக்குள்ள ஒருவரின் மகன், அதிகபட்சம் போட்டியிலிருந்து நீக்கியிருக்க வேண்டிய விஷயத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள் என்பது அவர் தரப்பு. மற்றவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த அட்டையின் உண்மை என்ன என்பது இன்றுவரை எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு முடிவுக்கு வரவில்லை.

வயது 22. கையில் பணம் இல்லை. ஆடப் போட்டி இல்லை. பெயரும் கெட்டுவிட்டது.

போர்னியோ நாட்கள்

பலர் இந்த இடத்தில் விளையாட்டையே விட்டிருப்பார்கள். விஜய் சிங் போர்னியோ தீவுக்குப் போனார். மலேசியாவின் சபா, சரவாக் மாநிலங்களில் கெனிங்காவ், மிரி என்ற ஊர்களின் கோல்ஃப் கிளப்புகளில் பயிற்சியாளர் வேலை. வருகிறவர்களுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் சொற்பக் கூலி. சுற்றிலும் காடு, வெயில், மழை.

வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் தனியாகப் பந்தடித்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் "பயிற்சி மைதானத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவர்" என்று அவருக்குப் பெயர் வந்ததே, அந்தப் பழக்கம் இங்கே இறுகியதுதான்.

காசு சேர்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் நடந்த 'சஃபாரி' சுற்றுக்குப் போனார். 1988-ல் நைஜீரிய ஓப்பன் வென்றார். அதே ஆண்டு ஐரோப்பியச் சுற்றுக்கான தகுதித் தேர்வில் இரண்டாவது முயற்சியில் தேறினார். 1989-ல் இத்தாலியில் அவருடைய முதல் ஐரோப்பியப் பட்டம். 1993-ல் அமெரிக்காவின் பிஜிஏ சுற்றில் பியூக் கிளாசிக் பட்டம் வென்று, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வாங்கினார். புதுமுகத்துக்கு வயது 30!

1998-ல் வாஷிங்டன் மாநிலத்தின் சஹாலி மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப். கோல்ஃபின் நான்கு 'மேஜர்' போட்டிகளில் ஒன்று இது. 2000 ஏப்ரலில் இன்னொரு மேஜரான மாஸ்டர்ஸ். எர்னி எல்ஸை மூன்று அடி வித்தியாசத்தில் முந்தினார். அந்த வாரம் அவர் மட்டைப் பையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ஒன்பது வயது மகன் காஸ் எழுதியது. அப்பா தன் வீச்சை நம்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தான்.

நாற்பதுக்குப் பிறகு

2003 பிப்ரவரியில் விஜய் சிங்குக்கு 40 வயது நிறைந்தது. அதுவரை பிஜிஏ சுற்றில் 12 பட்டங்கள். நல்ல வீரர், ஆனால் டைகர் உட்ஸ் காலத்தில் ஆடிய பல நல்ல வீரர்களில் ஒருவர். அப்போது ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் அப்படித்தான் வரலாற்றில் நின்றிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த கணக்கு இது:

2003-ல் பிறந்தநாளுக்குப் பின் 3 பட்டங்கள்.
2004-ல் 9.
2005-ல் 4.
2006-ல் 1.
2007-ல் 2.
2008-ல் 3.

மொத்தம் 22. நாற்பது வயதுக்குப் பின் பிஜிஏ சுற்றில் இத்தனை பட்டங்களை வேறு யாரும் வென்றதில்லை. முந்தைய சாதனை சாம் ஸ்னீடின் 17. மொத்தக் கணக்கு 34 பட்டங்கள் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதுக்கு மேல் வந்தது.

2004 அவருடைய ஆண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தில் பிளே-ஆஃபில் இரண்டு பேரை வென்று மறுபடி பிஜிஏ சாம்பியன். செப்டம்பரில் பாஸ்டன் அருகே டைகர் உட்ஸோடு நேருக்கு நேர் ஆடி ஜெயித்து உலகத் தரவரிசையில் முதலிடம். தொடர்ந்து 264 வாரங்கள் அங்கே உட்கார்ந்திருந்தவர் உட்ஸ். அவரை இறக்கியவருக்கு வயது 41. ஒரே பருவத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசுப் பணம் பெற்ற முதல் கோல்ஃப் வீரரும் அந்த ஆண்டில் விஜய் சிங்தான். துல்லியமாகச் சொன்னால் 1,09,05,166 டாலர். 2006-ல் உலக கோல்ஃப் புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2008-ல் ஃபெடெக்ஸ் கோப்பையையும் வென்றார்.

இவ்வளவு வென்றும் பத்திரிகைக்காரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஜகார்த்தா பற்றிய கேள்வி வரும் என்பதால் பேட்டிகளைத் தவிர்ப்பார். தவிர்க்கத் தவிர்க்க "சிடுமூஞ்சி" என்று எழுதினார்கள். எழுத எழுத அவர் இன்னும் ஒதுங்கினார்.

ஐம்பது வயதில் திறக்கும் கதவு

மூத்தோர் சுற்று எப்படி வந்தது? 1978-ல் அமெரிக்காவில் 'லெஜெண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப்' என்று பழைய வீரர்களை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். நல்ல வரவேற்பு. 1980-ல் அது ஒரு முறையான சுற்றாகவே ஆரம்பமானது. சரியாக அந்த நேரத்தில் மக்களின் செல்லப்பிள்ளையான ஆர்னால்ட் பாமருக்கு 50 வயது ஆகியிருந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் 1985 பருவத்தில் மட்டும் இந்தச் சுற்றில் 9 பட்டங்கள் வென்றார். இவர் நம் நாட்டுக்கும் வேண்டியவர். இந்திய ஓப்பன் போட்டி 1964-ல் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர், அதை மூன்று முறை வென்றவரும்கூட.

விதிகள் சுலபம். 50 வயது நிறைந்திருக்க வேண்டும். பெரும்பாலான போட்டிகள் நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள், 54 குழிகள். கட் பெரும்பாலும் கிடையாது. மேஜர் அல்லாத போட்டிகளில் நடக்க முடியாதவர் சிறு வண்டியில் போகலாம். இதையெல்லாம் கேட்டால் பென்ஷன் வாங்கியவர்களின் பொழுதுபோக்கு போலத் தோன்றும். ஆனால் ஆடுகிறவர்கள் எல்லாம் முன்னாள் சாம்பியன்கள். ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கர் இந்தச் சுற்றில் 47 பட்டங்கள் வென்றிருக்கிறார். 47-வது பட்டம் 2024-ல் வந்தபோது அவருக்கு 67 வயது.

விஜய் சிங்குக்கு 2013 பிப்ரவரியில் இந்தக் கதவு திறந்தது. ஆனால் அந்த நேரம் சரியில்லை. மான் கொம்பிலிருந்து எடுத்த ஒரு ஸ்பிரேயைப் பயன்படுத்தியதாக அந்த ஜனவரியில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. பயன்படுத்தியது உண்மை, அதில் தடை செய்யப்பட்ட பொருள் இருக்கும் என்று தெரியாது என்றார் அவர். சுற்று நிர்வாகம் நடவடிக்கையைத் தொடங்கியது. பிறகு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அந்த ஸ்பிரே தடைப் பட்டியலில் இல்லை என்று விளக்கியதும் நடவடிக்கையைக் கைவிட்டார்கள். தன் பெயரைக் கெடுத்துவிட்டதாக மே மாதம் விஜய் சிங் வழக்குப் போட்டார். அது ஐந்தாண்டுகள் இழுத்து 2018 நவம்பரில் சமரசமாக முடிந்தது.

1985-ல் பெயர் கெட்டபோது அவரிடம் வக்கீல் வைக்கப் பணம் இல்லை, காட்டுக்குப் போனார். 2013-ல் பணம் இருந்தது, நீதிமன்றத்துக்குப் போனார். இரண்டுக்கும் நடுவே 28 ஆண்டுகள்.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை, முதுகுவலி. 2008 செப்டம்பருக்குப் பிறகு பிஜிஏ சுற்றில் ஒரு பட்டம்கூட இல்லை. 50 ஆன பிறகும் மூத்தோர் சுற்றுக்கு முழுதாகப் போகாமல், இருபது வயதுப் பையன்களோடு பெரிய சுற்றிலேயே அதிகம் ஆடிக்கொண்டிருந்தார். பட்டமில்லாமல் எட்டரை ஆண்டுகள் ஓடின.

2017 ஏப்ரலில் அந்த வறட்சி முடிந்தது. பராகுவே வீரர் கார்லோஸ் ஃபிராங்கோவோடு ஜோடி சேர்ந்து லெஜெண்ட்ஸ் ஆஃப் கோல்ஃப் பட்டம்.

2018-ல் அவருக்கு 55 வயது. மார்ச் மாதம் கலிபோர்னியாவில் தோஷிபா கிளாசிக், மூத்தோர் சுற்றில் தனியாக வென்ற முதல் பட்டம். ஜூலையில் சிகாகோ அருகே எக்ஸ்மோர் கிளப்பில் சீனியர் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப். இது மூத்தோர் மேஜர் போட்டிகளில் ஒன்று, நான்கு நாள் ஆட்டம். ஜெஃப் மேகர்ட்டும் இவரும் சமநிலையில் முடித்ததால் பிளே-ஆஃப். இரண்டாவது கூடுதல் குழியில் விஜய் சிங் வென்றார். நவம்பரில் பருவத்தின் கடைசிப் போட்டி ஃபீனிக்ஸ் நகரில். கடைசி நாளில் 61 அடிகளில் 18 குழிகளையும் முடித்து, நான்கு அடி வித்தியாசத்தில் பட்டம். உலக முதலிடத்தில் இருந்த காலத்திலேயே ஒருவர் பெருமைப்படக்கூடிய எண் இந்த 61.

அடுத்த ஆண்டு இன்னொரு ஆச்சரியம். 2019 மார்ச், ஃபுளோரிடாவில் ஹோண்டா கிளாசிக். இது மூத்தோர் போட்டி அல்ல, பெரிய சுற்று. 56 வயது விஜய் சிங் கடைசி நாள் தொடங்கும்போது முன்னணியில் இருந்தவர்களைவிட ஒரே ஒரு அடிதான் பின்னால் இருந்தார். ஜெயித்திருந்தால் பிஜிஏ சுற்றின் மிக வயதான சாம்பியன் ஆகியிருப்பார். 52 வயதில் வென்ற சாம் ஸ்னீடின் 1965 சாதனை அன்று தப்பியது. விஜய் சிங் ஆறாவது இடத்தில் முடித்தார்.

எப்படி முடிந்தது?

கோல்ஃபில் கால் வேகம் தேவையில்லை என்பது ஒரு காரணம். எதிரி யாரும் ஓடி வந்து மோதுவதில்லை. பந்து நின்ற இடத்தில் நிற்கும், அடிப்பவர் நிதானமாக யோசிக்கலாம். அனுபவம் கைகொடுக்கும். ஆனால் இது எல்லா மூத்த வீரர்களுக்கும் பொது. நாற்பதுக்கு மேல் 22 பட்டங்கள் விஜய் சிங்குக்கு மட்டும் எப்படி?

ஒரு பதில், அவர் தாமதமாகத் தொடங்கியவர். மற்றவர்கள் 22 வயதில் பெரிய மேடையில் இருந்தபோது இவர் போர்னியோவில் இருந்தார். 30-ல்தான் அமெரிக்கச் சுற்றில் முதல் பட்டம். இன்னொரு பதில், பயிற்சி. நாள் முழுக்கப் பந்தடிக்கும் பழக்கத்தை அவர் பணம் வந்த பிறகும் விடவில்லை. பந்தைக் குழிக்குள் தட்டும் 'பட்டிங்' அவருக்கு எப்போதுமே பலவீனம். அதற்காக வயிற்றில் ஊன்றும் நீள மட்டை உட்படப் பலவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். பட்டிங்கில் இழந்ததைத் தூர அடியில் மீட்டார்.

ஜகார்த்தா விஷயம்? 34 பட்டங்களும் மூன்று மேஜர்களும் அந்த அட்டையில் என்ன நடந்தது என்பதை மாற்றிவிடாது. அவர் தவறு செய்திருந்தால் வெற்றிகள் அதை நியாயப்படுத்தாது. செய்யவில்லை என்றால் ஒரு இளைஞனின் பெயரை வீணாகக் கெடுத்த பழி அந்த முடிவை எடுத்தவர்களுக்கு. அதன் பிறகு பல நாடுகளில், ஆயிரக்கணக்கான அட்டைகளில் கையெழுத்துப் போட்டுத்தான் அவர் இந்த இடத்துக்கு வந்தார். அவரைப் பற்றி முடிவு கட்டுகிறவர்கள் ஒரு அட்டையோடு அந்த ஆயிரக்கணக்கான அட்டைகளையும் எண்ண வேண்டும்.

2022 டிசம்பரில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் பிஎன்சி சாம்பியன்ஷிப் நடந்தது. மேஜர் வென்ற வீரர்கள் தங்கள் குடும்பத்தினர் ஒருவரோடு ஜோடி சேர்ந்து ஆடும் போட்டி அது. டைகர் உட்ஸும் மகன் சார்லியும் கூட ஆடினார்கள். ஜெயித்தது விஜய் சிங்கும் காஸும். 2000-ல் அப்பாவின் பையில் காகிதம் ஒட்டிய அதே காஸ், இப்போது 32 வயது.

மாஸ்டர்ஸ் போட்டியை ஒரு முறை வென்றவருக்கு ஆயுள் முழுக்க அழைப்பு உண்டு. பலர் மரியாதைக்குப் போய் இரண்டு நாள் ஆடிவிட்டுத் திரும்புவார்கள். 2024 ஏப்ரலில் 61 வயது விஜய் சிங்கும் போனார். இரண்டு நாள் முடிந்ததும் கட்டைத் தாண்டியவர்கள் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது.